மாதுளைத் தோல் கொடுத்த எலக்ட்ரான்

போன வாரம் உங்கள் ஆராய்ச்சி மாணவர் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேசினேன். கடைசியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எழுந்து, தன் சாம்பிள் அருமையாக எலக்ட்ரான் கொடுக்கிறது, அதை எந்த நோய்க்குப் பரிசோதிக்கலாம் என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, சமோசாவைக் கூடத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கேள்வியில் தப்பில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தால் நீளும், பாதியில் என் குரல் ஒழுங்காக இருக்காது. எழுதினால் அந்தத் தொந்தரவு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வந்துவிட்ட உங்களுக்கு பாலிஃபீனால் என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. மாதுளைத் தோல், தேயிலை, கடுக்காய், நாவல் கொட்டை என்று வாயில் போட்டால் துவர்க்கிற எதிலும் இந்தச் சேர்மங்கள் இருக்கும். எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுக்கொடுப்பது அவற்றின் குணம். எவ்வளவு சுலபமாக என்று அளப்பது என் உத்தியோகம். கரைசலில் மின்முனையை வைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த இடத்தில் எலக்ட்ரான் வெளியே வருகிறது என்று பார்ப்பேன். சீக்கிரமே வந்துவிட்டால் பக்கத்து அறைக்காரர்கள் முகம் மலரும். நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதிக்கொண்டு போவார்கள். கொடுப்பவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். வாங்கிக்கொள்வது யார் என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மிகவும் குறைவு.

பக்கத்து அறைக்காரர்களில் ஒருவர் கலைவாணி. கும்பகோணத்துக்காரர். செல்களை வளர்த்து அவற்றின் மேல் மருந்துகளைச் சோதிப்பது அவர் பிரிவு. வேலைக்கு நானும் அவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் டெல்லிக்கு வந்தோம். எங்கள் நிறுவனத்தில் அவரைவிடக் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. எந்த முடிவு வந்தாலும் மூன்று முறை செய்ய வேண்டும், மூன்றாவது முறை வேறொருவர் கையால் செய்ய வேண்டும் என்பது அவர் சட்டம். மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘ஃபிர் ஸே மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுபடியும் செய் என்று அவர் சொல்லாத நாள் இல்லை. அவருக்கு அந்தப் பெயர் தெரியும், உள்ளுக்குள் பெருமையும் கூட.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் வரிசையாக ஜூஸ் கடைகள் இருக்கும். நோயாளிகளுக்கு மாதுளை ஜூஸ் பிழிந்துவிட்டுத் தோலை மூட்டை மூட்டையாகத் தெருவோரம் தள்ளுவார்கள். அந்தத் தோலை ஆட்டோவில் ஏற்றிவந்து, உலர்த்தி, சாறெடுத்துப் பொடியாக்குவதுதான் கலைவாணியின் திட்டம். குடலில் வரும் புற்றுநோயின் செல்களை ஒரு தட்டிலும் ஆரோக்கியமான செல்களை இன்னொரு தட்டிலும் வளர்த்து, இரண்டிலும் பொடியைக் கரைத்து ஊற்றினார்கள். மறுநாள் பார்த்தால் புற்றுநோய்த் தட்டு காலி. ஆரோக்கியமான செல்கள் அப்படியே உயிரோடு இருந்தன. மூன்று முறை செய்தார்கள், மூன்றாவது முறை வேறொருவர் கையால் செய்தார்கள். மூன்று முறையும் ஒரே தப்பைச் செய்தால் மூன்று முறையும் ஒரே விடைதான் வரும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கட்டுரை வந்தது. ஒரு ஹிந்திப் பத்திரிகைக்காரருக்கு யாரோ சொல்லி, மாதுளைத் தோல் கேன்சரைக் கொல்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். இயக்குநர் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கேட்டில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கையில் ஸ்கேன் உறை, கூடவே ஒரு டப்பா. பையா, கொஞ்சம் பொடி கிடைக்குமா என்று காவலாளியிடம் கெஞ்சுவார்கள். அவர் விரட்டுவார். கலைவாணி அந்தக் கேட் வழியாக வருவதை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக வர ஆரம்பித்தார். அவர்களைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் கணவர் சுந்தரத்துக்கு ரத்தமாகப் போக ஆரம்பித்தது.

சுந்தரம் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். திருநெல்வேலிக்காரர். நான் நாகர்கோவில் என்பதால் பார்த்த முதல் நாளே என்னை அண்ணாச்சி ஆக்கிக்கொண்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பவுடர் போட்ட கழுத்து, கைக்குட்டையில் ஒரு சொட்டு சென்ட். கிட்வாய் நகர் புதுக் கட்டடங்களில் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, பால்கனி எந்தத் திசை என்பதற்காக வீடு ஒதுக்கும் எஸ்டேட் ஆபீஸோடு மல்லுக்கு நின்ற மனிதர். பரிசோதனை செய்து பார்த்ததில் மலக்குடலின் கீழ்க்கோடியில் கட்டி இருந்தது.

டாக்டர்கள் பயமுறுத்தவில்லை. முதலில் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைச் சுருக்குவோம், பிறகு அறுத்து எடுத்துவிடுவோம், இன்னும் எங்கும் பரவவில்லை, பிழைத்துக்கொள்வீர்கள் என்றார்கள். ஒன்று மட்டும். கட்டி ரொம்பக் கீழே இருப்பதால் ஆசனவாயை மூடிவிட வேண்டியிருக்கும். வயிற்றில் துளை போட்டு அதன் மேல் ஒரு பையை ஒட்டுவார்கள். ஆயுள் முழுக்க மலம் அந்தப் பையில்தான் இறங்கும்.

சுந்தரத்துக்குக் கேன்சர் என்ற சொல் கொடுக்காத பயத்தை அந்தப் பை கொடுத்தது. என்னிடம் ஒருமுறை மனம் விட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, நான் ஜாயின்ட் செக்ரட்டரி பக்கத்துல உக்காந்து நோட்ஸ் எடுக்கவன். நாலு பேரு மத்தியில அந்தப் பை சத்தம் போட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இருப்பேன், சொல்லுங்க.” நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தபோதே கலைவாணி பொடியை வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். சும்மா துணைக்கு, மாதுளைத் தோல்தானே, என்ன கெடுதல் என்றார். எனக்கும் அதில் தவறாக ஒன்றும் தெரியவில்லை. கதிர்வீச்சு முடிந்தபோது ரத்தப்போக்கு நின்றிருந்தது, கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. கதிர்வீச்சு வேலை செய்திருக்கிறது என்றார் சர்ஜன். வீட்டில் அந்தப் பெருமை பொடிக்குப் போனது. முதலில் கொடுத்த அறுவைத் தேதி, பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போனது. சர்ஜனுக்கு எரிச்சல். சுருங்கியது சும்மா இருக்காது, திரும்ப வளரும், அடுத்த தேதியையும் விட்டால் பிறகு எப்போது இடம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்று எச்சரித்து, ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தார். அதற்கும் போவதா வேண்டாமா என்று வீட்டில் இழுபறியாகவே இருந்தது.

நான் இதில் நுழைந்தது அந்த வியாழனுக்கு முந்தைய வாரம். அடுத்த கட்டுரைக்கு மாதுளைப் பொடியின் எலக்ட்ரான் கொடுக்கும் திறனை எண்ணாக அளந்து தரும்படி கலைவாணி கேட்டிருந்தார். நான் தண்ணீரில் கரைத்து அளக்காமல், செல்கள் எந்தத் திரவத்தில் வளர்கின்றனவோ அதே திரவத்தில் கரைத்து அளப்போம் என்று ஒரு பாட்டிலை அவர் அறையிலிருந்து வாங்கி வந்தேன். அதில் செல் எதுவும் கிடையாது. உப்பும் சர்க்கரையும் சத்துகளும் கலந்த வெறும் திரவம். அதில் பொடியைப் போட்டு மின்முனையை வைத்தேன். சிறிது நேரத்தில், பொடிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு மின்னோட்டம் எழும்ப ஆரம்பித்தது. எழும்பிக்கொண்டே போனது. திரவமும் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது.

அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு. காயத்தில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதேதான். பொடி எலக்ட்ரானைக் கொடுத்திருக்கிறது. ஆனால் நோய்க்கும் கொடுக்கவில்லை, செல்லுக்கும் கொடுக்கவில்லை. திரவத்தில் கரைந்திருந்த காற்றுக்குக் கொடுத்திருக்கிறது. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் அதை வாங்கிக்கொண்டு பெராக்ஸைடாக மாறியிருக்கிறது. தட்டில் செல்கள் செத்தது அதனால் என்றால், பொடி எதையும் குணப்படுத்தவில்லை. நாங்கள் தட்டுக்குள்ளேயே கிருமிநாசினி தயாரித்து ஊற்றியிருக்கிறோம். மனித உடம்புக்குள் இது நடக்காது. பொடியில் முக்கால்வாசி ரத்தத்துக்கே போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும், பெராக்ஸைடை நொடியில் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி நம் ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது.

அந்த நொதியைக் கொஞ்சம் எடுத்து என் கரைசலில் விட்டேன். மின்னோட்டம் விழுந்தது. நேராகப் பக்கத்து அறைக்குப் போய்க் கலைவாணியிடம் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. நல்ல பாயின்ட், பார்த்துவிடலாம் என்று அன்றே தட்டுகளை எடுத்து, புற்றுநோய்ச் செல்களுக்குப் பொடியோடு கேட்டலேஸையும் சேர்த்து ஊற்றினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மைக்ராஸ்கோப்பில் அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். தட்டு நிறையச் செல்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. பொடி இருந்தும், பெராக்ஸைடு இல்லாததால் அவை சௌக்கியமாகப் பெருகியிருந்தன.

“ஒரு தடவைதானே சார் ஆயிருக்கு,” என்றார் கலைவாணி. “ரிபீட் பண்ணணும்.”

வியாழக்கிழமை அறுவை இருக்கிறதே என்று நான் கேட்டேன். அதற்குள் எப்படி மூன்று முறை முடியும்? ஒவ்வொரு முறைக்கும் செல் வளர நாள் ஆகுமே. கட்டுரைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யுங்கள், சுந்தரம் பொடியை நம்பிக் காத்திருப்பதை நிறுத்த இந்த ஒரு தட்டு போதாதா என்றேன். அவருக்கு முதல்முறையாக என் மேல் கோபம் வந்தது.

“இது என் வீட்டு விஷயம் சார். ஆதாரம் இல்லாம என்னால ஒண்ணும் பேச முடியாது.”

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கலைவாணி பொய் சொல்லவில்லை. சோம்பல் படவும் இல்லை. அவர் வாழ்நாள் முழுக்க எதற்காகப் பேரெடுத்தாரோ அதைத்தான் அன்றும் செய்தார். நம் தொழிலில் பயத்துக்குப் போட்டுக்கொள்ள மிகவும் கௌரவமான சட்டை இந்த ‘இன்னொரு முறை பார்க்கலாம்’ என்பதுதான். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் யாரும் குறை சொல்ல முடியாது. நம்மாலேயே சொல்ல முடியாது.

சனிக்கிழமை முழுவதும் எனக்கு ஒரே குடைச்சல். அவரைத் தாண்டி அவர் கணவரிடம் போய்ச் சொல்வது முறையா? ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் புகுந்து, நாளைக்கு என் கணக்கு தப்பாகப் போனால்? மனதுக்குள் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தேன். நான் சொல்வது தப்பானால், ஒரு மனிதர் டாக்டர்கள் சொன்ன அறுவையைச் சொன்ன நாளில் செய்துகொள்வார். நஷ்டம் அவ்வளவுதான். நான் சொல்வது சரியாக இருந்து வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் உயிர். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, கலைவாணி இரண்டாவது தட்டுக்காக ஆய்வகத்துக்குக் கிளம்பியிருப்பார் என்று தெரிந்தே கிட்வாய் நகருக்குப் போனேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

சுந்தரம் பால்கனியில் வெயிலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பைவிடத் தெம்பாக இருந்தார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காபி போட்டுத் தருகிறேன் என்று எழுந்தவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் செல்களைக் கொன்றது பொடி இல்லை, பொடியும் காற்றும் சேர்ந்து உண்டாக்கிய பெராக்ஸைடு. உடம்பில் அது நடக்காது. கட்டி சுருங்கியது கதிர்வீச்சால். வியாழக்கிழமை கண்டிப்பாகப் போய்ப் படுங்கள். சுந்தரம் ஃபைல் பார்க்கிற மனிதர், முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“சரி அண்ணாச்சி. நீங்க சொல்லுத மாதிரியே அது ஆசிட் கணக்கா எல்லாத்தையும் கொல்லுதுன்னா, நல்ல செல்லு மட்டும் ஏன் சாவல? பேப்பர்ல போட்டிருந்தானே.”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்கவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அது தெரிந்துதான் நீங்கள் ஆபரேஷனுக்குப் போக வேண்டும் என்றில்லை, டாக்டர் சொன்னது போதும் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறாத இடம் அந்த நிம்மதிதான்.

“உங்களுக்கே முழுசாத் தெரியல. அவ வாயால சொல்லட்டும். அவ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, மறுபேச்சு பேசாம போய்ப் படுத்துக்கிடுதேன்.”

திங்கட்கிழமை காலை கலைவாணியின் அறைக்குப் போனேன். இரண்டாவது தட்டும் முதல் தட்டு மாதிரியே உயிரோடு இருந்தது. வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும், திட்டவும் இல்லை. சுந்தரம் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நல்ல செல்கள் ஏன் சாகவில்லை?

கலைவாணி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தார். புற்றுநோய்ச் செல்லுக்கு ஊற்றும் திரவம் ஒன்று, ஆரோக்கியமான செல்லுக்கு ஊற்றும் திரவம் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி சிவப்பாக இருக்கும். எந்தச் செல்லுக்கு எந்தத் திரவம் என்பது விற்பவர்கள் பரிந்துரைப்பது. நாங்கள் தேர்ந்தெடுப்பதே கிடையாது, வழக்கப்படி வாங்கி வழக்கப்படி ஊற்றுவோம். சிப்பந்திகூடக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைப்பார். இரண்டாவது பாட்டிலின் லேபிளில் இருந்த சிறிய எழுத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினார். அதில் பைருவேட் என்ற பொருள் சேர்ந்திருந்தது. முதல் பாட்டிலில் அது இல்லை. பைருவேட், பெராக்ஸைடைக் கண்டால் சாப்பிட்டுவிடும்.

ஆக, ஆரோக்கியமான செல்களைப் பொடி பார்த்துப் பார்த்து விட்டுவைக்கவில்லை. அவற்றுக்குக் கிடைத்த சாப்பாடு அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. கேன்சரை மட்டும் தேடிக் கொல்கிறது என்று நாங்கள் மிட்டாய் சாப்பிட்டது இரண்டு பாட்டில்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசத்துக்காக.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உங்களுக்கு இப்போதுதான் புரிந்ததா என்று கேட்டேன்.

“பாட்டில் விஷயம் இப்பத்தான். மத்தது வெள்ளிக்கிழமை முதல் தட்டைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு சார்.”

“அப்புறம் எதுக்கு இந்த ரிபீட்?”

“மூணாவது முடியற வரைக்கும், தெரியாதுன்னு சொல்லிக்கலாமே.”

சரி, இன்றைக்குத் திங்கள்தானே, வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள், வியாழனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. வெள்ளிக்கிழமையே, தட்டைப் பார்த்துவிட்டு வெளியே போய், வியாழன் வந்தால் அவரிடம் சொல்லியாக வேண்டுமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து வியாழக்கிழமைத் தேதியை வேண்டாமென்று சொல்லியிருந்தார். ரிபீட் முடியட்டும் என்று சுந்தரத்திடம் சொன்னாராம். அவரும் சரி என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உட்கார்ந்து, அவள் வாயால் சொல்லட்டும், போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னபோதே படுக்கக் கட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு ரௌத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? அந்தப் பெண் இரண்டு பாட்டில்களையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மாலையே அவர் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை இருவரும் ஆஸ்பத்திரியில் போய் நின்றார்கள். வியாழக்கிழமை இடம் வேறு யாருக்கோ போயிருந்தது. டெல்லியில் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லோரையும் பிடித்தோம். ஹோலி கழிந்துதான் தேதி கிடைத்தது. வயிற்றைத் திறந்து பார்த்த சர்ஜன், கல்லீரலில் பரவியிருப்பதைக் கண்டு, கட்டியை எடுக்காமல் விட்டுவிட்டார். குடல் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வயிற்றில் துளை மட்டும் போட்டு, பையை ஒட்டி அனுப்பினார். எந்தப் பைக்குப் பயந்து எல்லாம் நடந்ததோ அந்தப் பை வந்துவிட்டது. உயிர் மட்டும் வரவில்லை.

முன்பே செய்திருந்தால் தப்பித்திருப்பாரா என்று கலைவாணி சர்ஜனிடம் நேராகவே கேட்டார். அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா என்றார் அவர். நல்ல மனிதர், ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். அது ஆறுதலே இல்லை. ஒரே ஒரு நோயாளி, ரிபீட் செய்து பார்க்க முடியாத பரிசோதனை. விடை தெரியாமலேயே அந்த அம்மாள் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும்.

வேலையில் அவர் செய்தது இது. மூன்றாவது தட்டையும் வேறொருவர் கையால் முடித்து, முந்தைய கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். முழுசாகத் திரும்பப் பெற வேண்டுமா, சில வரம்புகள் உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதாதா என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகை திருத்தம் போடவில்லை. கேட்டில் இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். கலைவாணி பின்வாசல் வழியாக வருவதை விட்டுவிட்டு முன்வாசல் வழியாகவே வந்தார். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, இது வேலை செய்யாது, டாக்டர் சொன்ன தேதிக்குப் போங்கள் என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லி அனுப்புவார். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததை இனி நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாம்பிள் எலக்ட்ரான் கொடுக்கிறது என்றால், வாங்குவது யார் என்று கேளுங்கள். செல் இல்லாத தட்டில் ஊற்றிப் பாருங்கள். ஒப்பிடுகிற இரண்டு செல்களுக்கும் ஒரே சாப்பாடு போடுங்கள். இதெல்லாம் இப்போது உங்கள் பாடத்திலேயே வந்திருக்கும், யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். யாரும் சொல்லித் தராதது வேறு. ஒன்றை உலகத்துக்கு அறிவிக்க எவ்வளவு ஆதாரம் வேண்டுமோ, அவ்வளவு ஆதாரம் ஒன்றை நிறுத்துவதற்கு வேண்டியதில்லை. நீங்கள் மறுபடியும் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கிறாரா என்று திரும்பிப் பாருங்கள். இருந்தால், கையில் இருக்கிற அரைகுறை விடையை வைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். தப்பாகப் போனால் மானம்தான் போகும்.

சுந்தரம் அந்தத் தீபாவளிக்கு முன்னால் இறந்துபோனார். அதற்கு நடுவில் கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தார், அலுவலகத்துக்குக்கூடப் போய்வந்தார். அக்னி வெயில் அடித்த ஒரு நாள் மாலையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கலைவாணி அவருடைய பையை மாற்றிவிட்டுக் கை கழுவ உள்ளே போனார். சுந்தரம் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, ஆபீஸ் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

“முந்தாநேத்து ஜாயின்ட் செக்ரட்டரி மீட்டிங்கு. எல்லாரும் கம்முனு இருக்கையில பை சத்தம் போட்டுட்டு. எனக்கு உயிரே போயிட்டுது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். “ஒருத்தன் திரும்பிப் பாக்கல அண்ணாச்சி. அவன் அவன் ஃபைலப் பாத்துட்டிருந்தான். இவ்வளவுதானா இது?”

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கிளம்புகிறவரை கலைவாணி வெளியே வரவில்லை.